ஃபூடான் பார்கின்சன் ஆராய்ச்சி: யாராச்சும் விளக்குவீங்களா?

நியூரோ, பயோகெமிஸ்ட்ரி பக்கம் இருக்கறவங்க கொஞ்சம் உதவுங்க. ஷாங்காய் ஃபூடான் யுனிவர்சிட்டியோட ஹுவாஷான் ஆஸ்பத்திரி டீம் 2025 பிப்ரவரில சயின்ஸ் இதழ்ல போட்ட பேப்பர் பத்திதான். பார்கின்சன் நோய்ல ஆல்ஃபா சைனூக்ளின்ங்கற புரதம் நாரு நாரா சேர்ந்து நியூரானுக்கு நியூரான் (மூளை நரம்பு செல்) பரவுதுல்ல, அது உள்ள நுழையறதே எஃப்ஏஎம்171ஏ2-ங்கற புரதத்தைப் பிடிச்சுதான்னு சொல்றாங்க, எலிங்க மூளைல அதைக் குறைச்சா பாதிப்பும் குறையுதாம். பெம்சென்டினிப்னு கேன்சருக்கு சோதிச்சுப் பார்த்த ஒரு மருந்து, இப்படிப் பிடிச்சு நுழையறதைத் தடுக்குதாம்.

இங்க வாட்ஸ்அப்ல "பார்கின்சனுக்கு மருந்து ரெடி"ன்னு ஃபார்வர்ட் சுத்துது (யாரு கிளப்பி விடறாங்களோ!), அப்பா சட்டை பட்டன் போட முடியாம கை நடுங்கிட்டே "எப்பப்பா வரும்"னு கேக்கறாரு. அந்த மருந்து மூளைக்குள்ள போய்ச் சேருமா? மனுஷங்க மேல ட்ரையல் எதாச்சும் ஆரம்பிச்சிருக்கா? முழு பேப்பர் படிச்சவங்க இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க ப்ளீஸ்.