நுண்துளிச் சிப்பை மாற்றியதும் மாடல் பிழையாக அளக்கிறது

கேள்வி:
எண்ணெய்க்குள் நீர்த்துளிகளை உருவாக்கும், நுண்ணிய கால்வாய்கள் கொண்ட பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) சிப்பில், நுண்ணோக்கிக் கேமராவின் படங்களிலிருந்து துளியின் விட்டத்தை அளந்து, அதற்கேற்ப சிரிஞ்ச் பம்பின் வேகத்தைத் திருத்தும் நியூரல் நெட்வொர்க் மாடல் ஒன்றைப் பயிற்றுவித்திருக்கிறேன். ஒரே வீடியோவின் ஃபிரேம்களைக் குலுக்கி, ஒரு பகுதியைச் சோதனைக்கு ஒதுக்கியபோது பிழையே தென்படவில்லை. இரண்டாவது சிப்பிலோ, 50 மைக்ரான் துளியை 55 என்கிறது. கூடுதல் படங்களைச் சேர்த்தால் போதுமா, அல்லது பெரிய மாடலுக்கு மாற வேண்டுமா?

மறுமொழி 1:
உங்கள் சோதனை சோதனையே அன்று. அடுத்தடுத்த ஃபிரேம்களில் ஒரே துளி சற்றே நகர்ந்து நிற்பதால், மாடல் ஏற்கெனவே பார்த்ததையே மீண்டும் பார்க்கிறது. ஒரு சிப்பின் படங்களை முழுமையாக ஒதுக்கி வைத்துத்தான் சோதிக்க வேண்டும். விட்டத்தில் 10 சதவீதம்தானே என்று விடவும் முடியாது. கன அளவு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால் 65 பிகோலிட்டர் 87 ஆகிவிடும். மாதிரியைத் துளிகளாகப் பிரித்து டிஎன்ஏ மூலக்கூறுகளை எண்ணும் டிஜிட்டல் பிசிஆருக்கு இந்தத் துளிகளைப் பயன்படுத்தினால், மூலக்கூறுகளின் செறிவைக் கால் பங்கு குறைத்துக் கணக்கிடுவீர்கள்.

மறுமொழி 2:
மாடலைக் குறை சொல்லுமுன் இரண்டு கேள்விகள்: 50 என்று எங்கே அளந்தீர்கள்? இரு சிப்களின் கால்வாய் ஆழம் என்ன?

கேள்வி கேட்டவர்:
துளிகளை வெளியே சேகரித்து அளந்தேன். முதல் சிப்பின் ஆழம் 60 மைக்ரான், இரண்டாவதன் ஆழம் 30. அகலம் மாறாததால் இதைக் குறிப்பிடத் தோன்றவில்லை.

மறுமொழி 2:
அப்படியானால் மாடல் சரியாகவே பார்த்திருக்கிறது. 60 மைக்ரான் ஆழத்தில் உருண்டையாக மிதக்கும் அந்தத் துளி, 30 மைக்ரான் ஆழத்தில் மேலும் கீழும் நசுங்கி, மேலிருந்து நோக்கும் கேமராவுக்கு ஏறக்குறைய 55 மைக்ரான் வட்டமாகத் தெரியும். வெளியே வந்ததும் பழைய உருண்டையாகிவிடும். இதை அறியாத மாடல், துளி பெருத்துவிட்டதென்று எண்ணி எண்ணெயின் வேகத்தைக் கூட்டி, சரியான துளியைச் சிறிதாக்கும். ஒரே ஆழமுள்ள படங்களை எத்தனை ஆயிரம் சேர்த்தாலும் இது தீராது. படத்திலிருந்து வட்டத்தின் விட்டத்தை மட்டும் மாடல் சொல்லட்டும். ஆழத்தைத் தனி எண்ணாகக் கொடுத்து, கன அளவை வடிவியல் சூத்திரத்தால் கணக்கிடுங்கள். பிளாஸ்மாவால் (மின்னேற்றம் பெற்ற வாயுவால்) பரப்பைப் பதப்படுத்தி ஒட்டிய உடனே சிப்பைப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள்: அப்போது சுவர் நீரை ஈர்ப்பதால் துளி சுவரில் ஒட்டி உருக்குலையும், அந்நிலையில் எந்தச் சூத்திரமும் பொருந்தாது.

கேள்வி கேட்டவர்:
ஆழத்தைச் சேர்த்துக் கணக்கிட்டதில் இரண்டாவது சிப்பின் துளியும் 65 பிகோலிட்டரை ஒட்டியே வருகிறது. இனி சிப் வாரியாகப் பிரித்துச் சோதிக்கிறேன்.