சீஸ் பிமியெண்டோ: அடுப்பில் ஏற்றணுமா, ஏற்றக் கூடாதா?

வெண்ணெய்ப்பானை:
பிலிப்பைன்ஸ் வீடுகளில் பிறந்தநாள், ஞானஸ்நானம், நோச்சே புவேனா (கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்து) என்று எதற்குச் சொந்தபந்தம் கூடினாலும் சாண்ட்விச் தட்டு ஒன்று இருக்கும். அதற்குள் தடவுவது பெரும்பாலும் சீஸ் பிமியெண்டோதான்: சீஸும் சிவப்புக் குடைமிளகாயும் (பிமியெண்டோ) கலந்த ஸ்பிரெட். இதைச் சிலர் அடுப்பில் உருக்கியும் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உருக்கினால் அது சாஸ், ஸ்பிரெட் இல்லை.

ஈடன் மாதிரி ப்ராசஸ்டு சீஸ் 400 கிராம், மயோனைஸ் 200 கிராம், சுட்டு உரித்த சிவப்புக் குடைமிளகாய் 120 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 3 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. உப்பு வேண்டவே வேண்டாம். சீஸ் கட்டியை ஃப்ரீசரில் 20 நிமிடம் வைத்துவிட்டுத் துருவியின் சின்னக் கண்ணில் துருவுங்கள். இல்லையென்றால் கண்ணில் அப்பிக்கொள்ளும். துருவலில் பாதியை மயோனைசோடு சேர்த்துக் கட்டியில்லாமல் குழைத்துவிட்டு, மீதிப் பாதியைக் கடைசியில் போட்டுக் கிளறுங்கள். கடித்தால் சீஸ் நாக்கில் தட்டுப்படும். முக்கால் கிலோ வரும். ஒரு சாண்ட்விச்சுக்கு 25 கிராம் என்றால் 30 சாண்ட்விச்.

தணல்:
ஈடனுக்கு நீங்க சொல்றது சரிங்க. கிறிஸ்துமஸ் முடிஞ்ச வீட்டுல மிஞ்சி நிக்கிறது ஈடன் இல்லையே, கேசோ டி போலா. சிவப்பு மெழுகு போட்ட எடாம் சீஸ் உருண்டை. 24ஆம் தேதி ராத்திரி வெட்டினது புத்தாண்டுக்குள்ள ஓரமெல்லாம் காஞ்சு போயிடும். அதைத்தான் நிறைய பேர் பிமியெண்டோவா மாத்தி மேதியா நோச்சேவுக்கு, அதாவது புத்தாண்டு ராத்திரி விருந்துக்கு வைக்கிறாங்க. அதைத் துருவி மயோனைஸ்ல பச்சையா கலந்தா மணல் மணலா நிக்கும். மயோனைஸ் ஒரு பக்கம், சீஸ் ஒரு பக்கம். பான் டி சால் பன்னை வாயில வைக்கிறப்போ பாதி கீழ உதிரும். அந்தச் சீஸுக்கு அடுப்பு இல்லாம வழியே இல்லை.

வெண்ணெய்ப்பானை:
சூடு பட்டால் அந்த எடாம் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். ரப்பர் உருண்டை ஒன்று நடுவில், சுற்றிலும் மஞ்சள் எண்ணெய். கிலோவுக்கு அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை அப்படிப் பாழாக்குவதை விட, துருவி என்சைமாடா பன் மேல் தூவிவிடலாம்.

தணல்:
அது நேரா தீயில வைக்கிறவங்களுக்கு ஆகுறது. முதிர்ந்த சீஸ்ல சூடு ஏறினா புரதம் ஒண்ணோட ஒண்ணு இறுகிக்கும், கொழுப்பைப் பிடிச்சு வைக்க ஆள் இல்லாம அது வெளிய வந்துடும். ப்ராசஸ்டு சீஸ்ல ஃபாஸ்பேட், சிட்ரேட் உப்புகளை முதல்லயே சேர்த்திருக்காங்க, அதனாலதான் அது பிரியறதில்லை. அப்போ ரெண்டையும் சேர்த்து உருக்குங்க. ஈடன்ல இருக்கிற அந்த உப்புகள் எடாமையும் சேர்த்துக் காப்பாத்தும்.

அளவு இது: கேசோ டி போலா 250 கிராம், ப்ராசஸ்டு சீஸ் 150 கிராம், எவாப்பரேட்டட் மில்க் (இனிப்பில்லாம சுண்ட வெச்ச டின் பால்) 180 மில்லி (370 மில்லி டின்னுல பாதி), வெண்ணெய் 50 கிராம், குடைமிளகாய் 100 கிராம். மெழுகை உரிச்சதும் அடியில இருக்கிற கெட்டித் தோலையும் மெல்லிசா சீவிடுங்க, அது கரையவே கரையாது. கொதிக்கிற தண்ணி மேல வேற பாத்திரம் வெச்சு, பாலும் வெண்ணெயும் சூடானதும் ஈடனை முதல்ல போடுங்க. அது கரைஞ்ச பிறகு எடாம் துருவலை ஒவ்வொரு கைப்பிடியா. கலவை 70 டிகிரிக்கு மேல போகக் கூடாது. ஓரத்துல குமிழி வந்தா உடனே இறக்கணும். தோசை மாவு பதத்துல இருக்கும்போதே நிறுத்துங்க. ‘இன்னும் கெட்டியாகட்டும்’னு விட்டா ஃப்ரிட்ஜ்ல கல்லாயிடும்.

எண்ணெய் பிரிஞ்சாலும் தூக்கிப் போட வேண்டாம். இறக்கி வெச்சு, சூடான பால் 2 மேசைக்கரண்டி, ஒரு துண்டு ஈடன் சேர்த்து பிளெண்டர்ல ஒரு நிமிஷம் அடிச்சா பெரும்பாலும் சேர்ந்துக்கும். மயோனைஸ் சேர்க்கிறவங்க கலவை நல்லா ஆறின பிறகு சேர்க்கணும், சூட்டுல அதுவும் பிரியும்.

ருசிக்கணக்கு:
அடுப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். தண்ணீரை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். மறுநாள் டப்பாவைத் திறந்தால் ஓரத்தில் சிவப்பாகத் தண்ணீர் கட்டியிருக்கும். அது சீஸின் குற்றமே இல்லை, குடைமிளகாயுடையது.

தோல் முழுக்கக் கருகும்வரை தீயில் சுட்டு, மூடிய பாத்திரத்தில் 10 நிமிடம் வைத்தால் தோல் கையோடு வரும். குழாயில் காட்டிக் கழுவாதீர்கள், சுட்ட மணமெல்லாம் தண்ணீரோடு போய்விடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பொடியாக நறுக்கி, வடிகட்டியில் அரை மணி நேரம் விட்டு, பிறகு துணியில் கட்டிப் பிழிய வேண்டும். ஜாடியில் வரும் பிமியெண்டோவுக்கும் இதேதான். மிக்ஸியில் போடவே போடாதீர்கள். ஸ்பிரெட் மொத்தமும் ஆரஞ்சு நிறமாகி, சிவப்புத் துணுக்கே தெரியாது.

வெண்ணெய்ப்பானை சொன்ன 3 கரண்டி கண்டென்ஸ்டு மில்க்கும் இதில் சேர்ந்த வம்புதான். சர்க்கரை குடைமிளகாயிலிருந்து தண்ணீரை இழுக்கும். ஈடனோடு அது எதற்கு? பிலிப்பைன்ஸில் விற்கும் மயோனைஸ் பலதும் ஏற்கெனவே இனிப்பு.

வெண்ணெய்ப்பானை:
பிழிவதைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. இனிப்பை மட்டும் விட்டுத்தர மாட்டேன். இந்தத் தட்டு இருப்பது வாழைப்பழக் கெட்சப் போட்ட இனிப்பு ஸ்பகெட்டிக்குப் பக்கத்தில். உப்பும் இனிப்பும் சேர்ந்த ருசிக்குத்தான் குழந்தைகள் கை நீட்டுவார்கள். இனிப்பே இல்லாமல் ருசி தூக்கலான செடார் சீஸில் செய்வது அமெரிக்கத் தென்மாநிலங்களின் பிமெண்டோ சீஸ். அதுவும் நல்ல பண்டம்தான், ஆனால் அது வேறு.

ருசிக்கணக்கு:
அப்படியானால் 1 கரண்டியில் தொடங்குங்கள். நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்த பிறகு ருசி பார்த்து மீதியைச் சேர்க்கலாம். கலந்த உடனே உப்பு கரிக்கும், ஊறினால் அடங்கிவிடும். கேசோ டி போலாவில் செய்தால் இரண்டு கரண்டியை நானும் ஏற்கிறேன், அதன் உப்பு அப்படி.

சிக்கனம்:
40, 50 பேருக்குச் செய்றவங்க சோளமாவு (கார்ன்ஃப்ளவர்) போட்டு இழுப்பாங்க. அதையும் சொல்லுங்க. எவாப்பரேட்டட் மில்க் ஒரு டின்னுக்கு 2 மேசைக்கரண்டி மாவு, 200 கிராம் ஈடன். செலவு பாதி.

தணல்:
அன்னைக்கே காலி ஆகும்னா செய்யுங்க, தப்பில்லை. பச்சைத் தண்ணியில மாவைக் கரைச்சு, கலவையை நல்லா கொதிக்க விட்டு, அதுக்கப்புறம் அடுப்பை அணைச்சு சீஸ் சேர்க்கணும். மாவு வேகலைன்னா நாக்குல ஒட்டும். ரெண்டு மூணு நாள் வெச்சா அந்த மாவே தண்ணி விடும். விருந்துக்கு ஓகே, ஜாடியில போட்டுக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

ருசிக்கணக்கு:
விருந்துக்கு என்றால் ரொட்டியையும் கவனியுங்கள். இரண்டு துண்டின் உள்பக்கமும் மெல்லியதாக வெண்ணெய் தடவினால் ஈரம் இறங்காது. ஓரத்தை முன்பே வெட்டாமல், ஸ்பிரெட் வைத்து அடுக்கி, ஈரத்துணி போர்த்தி ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்த பிறகு வெட்டினால் முக்கோணம் நறுக்கென்று வரும், பிதுங்காது.

மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணி நேரம். வெயில் காலத்தில் அங்கே முற்றத்து விருந்து என்றால் இந்த இரண்டாவது கணக்குதான்.

வெண்ணெய்ப்பானை:
மிஞ்சியதை ஃப்ரீசரில் போடாதீர்கள். உறைந்து இளகும்போது மயோனைஸ் பிரிந்து, தண்ணீரும் எண்ணெயும் தனித்தனியாக நிற்கும். ஃப்ரிட்ஜில் ஐந்து நாள், ஈரமில்லாத கரண்டி. தணல், உங்கள் 250க்கு 150 கணக்கை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஈடன் கட்டியை அடுப்பருகே கொண்டுபோக மாட்டேன்.

தணல்:
ஈடன் மட்டும்னா நானும் அடுப்பு பத்த வைக்க மாட்டேங்க. ஆனா உங்க 400க்கு 200 மயோனைஸ் ரொம்ப ஜாஸ்தி. 150 போதும்.