எங்கள் பக்கத்தில் போதைப்பொருள் விற்ற வீடுகள்: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

கொக்குவில் ஒழுங்கைக்காரி

முன்கதை உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாழ்ப்பாணத்தில், எங்கள் கொக்குவில் ஒழுங்கையில், கனடாவில் இருப்பவர் ஒருவரின் வீடு. அற்றோணி (அவருக்குப் பதிலாக வீட்டைப் பார்க்கிற அதிகாரப் பத்திரம்) வைத்திருந்த சொந்தக்காரர் யாருக்கோ வாடகைக்குக் கொடுத்தார். வந்தவர்கள் முதல் வேலையாகக் கேற்றுக்குத் தகரம் அடித்தார்கள். இரவில் மோட்டார் சைக்கிள்கள் வரும், எஞ்சினை நிறுத்தாமலே திரும்பும்.

எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகாதது ஒரு பின்னேரம். அந்த வீட்டுப் பின்மதிலில் ஒரு கல்லைக் கழற்றி வைத்திருந்தார்கள். ரியூசனுக்குப் போகிற பெடியன், பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டுகூட மாற்றவில்லை, சைக்கிளில் இருந்து இறங்காமலே காசை அந்த ஓட்டைக்குள் நீட்டினான். உள்ளே இருந்து வளையல் போட்ட கை ஒன்று சின்னப் பொதியைக் கொடுத்தது. அவன் சைக்கிளை உழக்க வெளிக்கிட, "தம்பி, மிச்சக்காசு" என்று ஒரு பெண் குரல். கை திரும்பவும் வெளியே வந்து, நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி அவன் உள்ளங்கையில் வைத்தது. பிள்ளைக்கு நஞ்சைக் கொடுத்த கை கணக்கில் ஒரு சதம் பிசகவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பிறகு பொலிஸ் வந்தது, விளக்கமறியல், வழக்கு எல்லாம் நடந்தது. ஆனால் அடுத்த மாரிக்குள் அதே வீட்டில் வேறு ஆட்கள், அதே வியாபாரம். சட்டம் ஆளைக் கொண்டுபோகிறது, வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போகிறது. வேறு ஊர்களிலும் இப்படித்தானா?

வடமராட்சியான்

அக்கா, உங்கள் ஒழுங்கையில் சரியான வீட்டுக்காவது போயிருக்கிறார்கள். எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள், பச்சைக் கேற் வீடு என்று. எங்கள் கேற்றும் பச்சை, இரண்டு வளவு தள்ளி இருக்கிற அந்த வீட்டுக் கேற்றும் பச்சை. விடியப்புறம் வந்தார்கள். எந்தப் பிரிவு என்று நான் சொல்லப் போவதில்லை. தேடுதல் ஆணை இருக்கிறதா என்று அப்பா கேட்டதற்குப் பதிலே இல்லை.

அலுமாரியைக் கிளறினார்கள், அரிசி மூட்டையைக் கொட்டினார்கள். அது கூடப் பரவாயில்லை. ஒருவர் சாமியறைக்குள் சப்பாத்தோடு போய், அம்மம்மாவின் விபூதிச் சம்புடத்தைத் திறந்து, கொஞ்சத்தைத் தாளில் கொட்டி, விரலால் தேய்த்து மணந்து பார்த்தார். அம்மம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சம்புடத்தை அவர் பிறகு தொடவே இல்லை. மாவிட்டபுரத்தில் இருந்து புதிதாக விபூதி எடுப்பித்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்துப் பூசினார். சாகும்வரை அப்படித்தான்.

உண்மையான பச்சைக் கேற் வீடு அன்று முழுக்கப் பூட்டிக் கிடந்தது. சத்தம் கேட்டு ஓடியிருப்பார்கள்.

சுன்னாகத்து அண்ணை

தம்பி, அம்மம்மாவுக்கு நடந்தது பிழை, அதில் மறுபேச்சில்லை. ஆனால் இப்படி எழுதி எழுதியே சனம் தகவல் சொல்லப் பயப்படுகிறது. என் வீட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பற்றி நான்தான் அறிவித்தேன். பிடித்தார்கள். ஜீப்பில் ஏறும்போது ஒருவன் என் ஜன்னலைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு கனகாலம் அந்த ஜன்னலைத் திறக்கவில்லை. என் கதை அவ்வளவுதான்.

இங்கே பலருக்குச் சட்டம் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். மூலச் சட்டம் 1929 இல் வந்த நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984 திருத்தத்தில்தான் மரண தண்டனையும் ஆயுள் தண்டனையும் வந்தன. ஹெரோயின் 2 கிராம் என்றாலே அந்தத் தண்டனைக்குரிய எல்லை. ஐஸ் என்கிற மெத்தம்பெற்றமைனுக்கு 2022 இல் 41 ஆம் இலக்கத் திருத்தம் வந்தது, அதில் 5 கிராம். கவனியுங்கள், பொதியின் நிறை அல்ல, அதற்குள் இருக்கும் தூய போதைப்பொருளின் நிறை. அதை அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம்தான் சொல்ல வேண்டும். அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகும். இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும், 1976 க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கில் போடவில்லை. வியாபாரிகளுக்கும் இது தெரியும். மதில் ஓட்டைக்குப் பின்னால் எப்போதும் சின்ன அளவுதான் வைத்திருப்பார்கள். பெரிய பொதி வேறு எங்கோ இருக்கும்.

வெளிநாட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்கு: அற்றோணியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு மறந்துபோகாதீர்கள். வாடகைக்காரரின் அடையாள அட்டைப் பிரதியை வாங்குங்கள். ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன்னிலையில் எழுதுங்கள். ஆட்கள் வந்ததைக் கிராம சேவகருக்கு அறிவியுங்கள். மின்கட்டணப் பட்டியலை மாதாமாதம் அனுப்பச் சொல்லுங்கள். ஆளே இல்லாத வீட்டில் மின்சாரம் கூடினால் விசாரியுங்கள். பின்மதிலை வருடத்துக்கு ஒருமுறையாவது யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புவார்கள், ஏமாறாதீர்கள்.

வடமராட்சியான்

அண்ணை, தகவல் சொல்ல வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? தகவலைச் சரிபார்க்க வேண்டும் என்கிறேன். 2023 டிசம்பரில் யுக்திய என்ற பொலிஸ் போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கி நாடு முழுக்க வீடு வீடாகத் தேடியபோது, அடுத்த மாதமே ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டார்கள். அவர்களும் வியாபாரிகளுக்காகவா பேசினார்கள்?

லண்டன் தம்பி

அக்கா சொன்னதற்கு வருகிறேன், சட்டம் வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போகிறது என்று. நான் கொக்குவில்தான், இப்போது கிழக்கு லண்டனில். எங்கள் தெருவில் ஒரு வீட்டை மூடினார்கள். இங்கே ஆளைப் பிடிப்பது ஒரு வழக்கு, வீட்டை மூடுவது வேறு வழக்கு. 2003 இல் ஒரு சட்டம் வந்தது, 2014 இல் அதை மாற்றி எழுதினார்கள். முதலில் அறிவித்தல் ஒட்டுவார்கள், அது ஆகக் கூடியது 48 மணித்தியாலம். அதற்குள் நீதவானிடம் போய்க் கட்டளை எடுக்க வேண்டும். கட்டளை கிடைத்தால் மூன்று மாதம் வரை வீடு மூடல், நீட்டினாலும் மொத்தம் ஆறு மாதத்துக்கு மேல் இல்லை. அந்த நேரத்தில் உள்ளே போவதே குற்றம். தன் வீட்டில் இது நடப்பதைத் தெரிந்துகொண்டே இடம் கொடுப்பவர் மீது 1971 போதைப்பொருள் சட்டத்தின்படி தனியாக வழக்கு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்காரர் தனியாக இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர். நடக்கவே சிரமப்படுபவர். பெடியள் முதலில் சாமான் வாங்கிக் கொடுத்து உதவி செய்வதுபோல உள்ளே வந்து, பிறகு அவரையே ஒரு அறைக்குள் ஒதுக்கிவிட்டு விற்றார்கள். மூடின அன்று வாசலுக்கு இரும்புத் தகடு அடிக்க, அவர் நடைபாதையில் ஒரு கேத்தலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். வேறு எதையும் எடுக்கவில்லை. "இது என்னுடையது" என்று போவோர் வருவோரிடம் எல்லாம் சொன்னார். மாநகரசபை ஆள் வந்து கூட்டிப்போக மத்தியானம் ஆகிவிட்டது.

மானிப்பாய் மாமி

நீங்கள் எல்லோரும் மதிலுக்கு வெளியே நின்று பார்த்ததை எழுதுகிறீர்கள். நான் உள்ளே போனவள். என் தங்கையின் மகன் இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. கேள்விப்பட்டு ஒரு பூட்டிக்கிடந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. நல்லூர்த் திருவிழாக் கடையில் நான் வாங்கிக் கொடுத்த மண்ணிறச் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கண்டுபிடித்தபோது நிம்மதி வந்தது. அங்கே அவன் இருக்கிறான் என்பதில் நிம்மதியா என்று யாரும் கேட்கக் கூடாது. உயிரோடு இருக்கிறான் என்பதே அப்போது பெரிது.

அவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று சொல்பவர்களுக்கு ஒன்று. பாவிப்பவனும் விற்பவனும் ஒன்றில்லை. 2007 இல் வந்த 54 ஆம் இலக்கச் சட்டத்தில் அடிமையானவர்களுக்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் இருக்கிறது, நீதவானும் அனுப்பலாம், தானாகவும் போகலாம். நாங்கள் 1927 க்கு அழைத்தோம், அது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். எடுத்த பிள்ளை பொறுமையாகக் கதைத்தது. இப்போது அவன் ஒரு ஒட்டு வேலைத் தளத்தில் (வெல்டிங் பட்டறையில்) வேலைக்கு நிற்கிறான். நித்திரை இன்னும் சரியில்லை. இரவில் எழும்பி முற்றத்தில் நடப்பான், தங்கையும் கூட எழும்பி நடப்பாள்.

சுன்னாகத்து அண்ணை, உங்கள் பட்டியலில் அந்த வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகள் எங்கே?

சுன்னாகத்து அண்ணை

மாமி, குறையாக எடுக்காதீர்கள். பிள்ளைகள் உள்ளே போகாமல் இருக்கத்தான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். பயந்து சாட்சி சொல்லாமல் இருப்பவர்களுக்கும் ஒன்று: சாட்சிகளைப் பாதுகாக்க 2015 இல் ஒரு சட்டம் வந்தது, 2023 இல் புதிதாக்கினார்கள். மிரட்டினால் அதுவே தனிக் குற்றம். போதைக்காசில் வாங்கிய சொத்தை முடக்க 2006 இல் இருந்து பணச் சலவைச் சட்டமும் இருக்கிறது. வாடகைக்காரரை எழுப்ப 2023 இல் வந்த குத்தகைச் சட்டத்தில் சுருக்க வழி இருக்கிறது. பாவியுங்கள்.

ரொறன்ரோ வளவுக்காரன்

அண்ணை, அந்தச் சுருக்க வழிக்கு ஒழுங்கான எழுத்துக் குத்தகை வேண்டும். என் அற்றோணி வைத்திருந்தவர் வளவை வாய்ப்பேச்சில் வாடகைக்குக் கொடுத்திருக்கிறார், வாடகையும் கையில்தான் வாங்கியிருக்கிறார். நான் அற்றோணியை ரத்துச் செய்து பதிந்துவிட்டேன். புதிதாக என் மச்சாளுக்குக் கொடுத்திருக்கிறேன். இனி மாவட்ட நீதிமன்றத்தில் சாதாரண வழக்குத்தான். எத்தனை வருடம் இழுக்கும் என்று சட்டத்தரணி சொல்லவில்லை. பின்மதிலைப் பார்க்க மச்சாளை அனுப்பினேன். கேற்றடியில் நின்ற பெடியன் "யார் வேணும் அன்ரி" என்று கேட்டிருக்கிறான், அவள் திரும்பி வந்துவிட்டாள். மல்லாகம் பக்கம் இப்படியான வழக்கு நடத்தியவர்கள் யாராவது இருந்தால், எந்தச் சட்டத்தரணி என்று எனக்குத் தனியாக அறிவியுங்கள்.