புதுப்பிப்பு: டாமினன்ட் கார்டின் மேல் மெலடிக் மைனர்

போன பதிவில் புலம்பியிருந்தேன். கிட்டாரில் ஜி7 (சி கார்டை நோக்கி இழுக்கும் டாமினன்ட் கார்டு) வந்தால், ஜி-யிலிருந்து அரைச்சுரம் மேலே ஏறி ஏ ஃப்ளாட் மெலடிக் மைனர் ஸ்கேலை (மூன்றாம் சுரம் மட்டும் அரைச்சுரம் இறங்கிய மேஜர் ஸ்கேல்) வாசிக்கச் சொல்கிறார்கள். நான் வாசித்தால் கை தவறிய மாதிரியே கேட்கிறது என்று. மூன்று வாரம் உட்கார்ந்ததில் கோளாறு பிடிபட்டது. ஸ்கேலில் இல்லை, நான் கொண்டுபோய் முடித்த இடத்தில்.

ஜி7-இன் மேல் இது ஃப்ளாட் 9, ஷார்ப் 9, ஃப்ளாட் 5, ஷார்ப் 5 என (ஜி-யிலிருந்து எண்ணி வரும் 9ஆம், 5ஆம் சுரங்களை அரைச்சுரம் இறக்கியும் ஏற்றியும்) உரசுகிற சுரங்கள் அத்தனையையும் தருகிறது. அந்த உரசல் அடுத்து வரும் சி மேஜரில் அடங்க வேண்டும். நானோ பாதியிலேயே அந்தரத்தில் விட்டுவிடுவேன். இப்போது தினமும் வாசிப்பது இது: மூன்றாம் கம்பியில் 1, 3, 4ஆம் ஃப்ரெட், இரண்டாம் கம்பியில் 2, 4. சி கார்டு விழும் அதே நொடியில் 5. அந்த 4ஆம் ஃப்ரெட்டில் இருக்கும் ஈ ஃப்ளாட் ஒரே ஒரு ஃப்ரெட் நகர்ந்து ஈ ஆகும்போது, முன்னால் வாசித்தது எல்லாமே வேண்டுமென்றே வாசித்ததாகிவிடுகிறது!

அப்புறம், டி7 வந்து ஜி7-க்குப் போகாமல் டி மைனர்7-க்கு வழுக்கும் இடங்கள். அங்கே இதே அரைச்சுரச் சூத்திரத்தைப் போட்டது என் தப்பு. டி-யின் ஐந்தாம் சுரத்திலிருந்து, அதாவது ஏ மெலடிக் மைனர் போதும்; ஜி ஷார்ப் மட்டும் லேசாக மின்னும். (கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு: கௌரிமனோகரியை மத்யமத்திலிருந்து தொடங்கினால் வாசஸ்பதி. அதேதான்.)

வேகமான பாட்டில் இன்னும் விரல் திணறுகிறது.