தாமரை அட்டை: இரண்டாம் அடுக்கு விலகுது, வழி சொல்லுங்க

வணக்கம். கும்பகோணத்துல பொங்கலுக்கு 60 வாழ்த்து அட்டை தயாராகுது. தாமரைப் படத்துக்கு மூன்று அடுக்கு ஸ்டாம்ப் (மை தொட்டு அடிக்கிற அச்சு): முதல்ல இதழ் முழுக்க வெளிர் ரோஸ், மேல நடுத்தர ரோஸ் நிழல், கடைசியா அடர்நிற நரம்புக் கோடு. டை இங்க் (காகிதத்துல ஊறுற சாய மை), 300 ஜிஎஸ்எம் கெட்டியான வழவழப்பான அட்டை. ஸ்டாம்பிங் பிளாட்ஃபார்ம்ல (ஸ்டாம்பை மூடியில ஒட்டி, ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அடிக்க உதவுற பலகை) மூலையில அட்டையை ஒட்டி வச்சு, காந்தம் போட்டுத்தான் அடிக்கிறது.

60 அட்டைக்கும் முதல் அடுக்கை முடிச்சுட்டு மறுநாள் இரண்டாவதை அடிச்சா, நிழல் இதழ் ஓரத்தைத் தாண்டிடுது. கார்த்திகை மழை ஈரத்துல அட்டை லேசா வளையுது, அதனால மூலையில சரியா உட்கார மாட்டேங்குது. ஹீட் கன் (சூடான காத்து ஊதுற கருவி) வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் காய்ஞ்சு இன்னும் சுருளும். அரிசி மூட்டை கனத்துக்கு அடியில ராத்திரி முழுக்க வச்சும் காலையில திரும்ப வளையுது. ஒரே அட்டையில மூன்றையும் அடுத்தடுத்து அடிச்சா விலகல் இல்லை, ஆனா ஒவ்வொரு அட்டைக்கும் ஸ்டாம்ப் மாத்தணும். 60க்கு அது பெரிய வேலை.

மழைக்காலத்துல அட்டையை எப்படி வைக்கிறீங்க? காத்துப்புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போதுமா, ஒரு கட்டுக்கு எத்தனை பொட்டலம்? தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வளையாத அட்டை எந்த மாதிரிக் கடையில கிடைக்கும்?

இன்னொண்ணு: புது பாலிமர் ஸ்டாம்ப்ல இங்க் முத்து முத்தா நிக்குது. பென்சில் அழிக்கிற ரப்பரால மெதுவா தேய்ச்சதும் பாதி சரியாச்சு. மீதிக்கு என்ன செய்யலாம்? அடிச்ச மாதிரிப் படம் இருந்தா போடுங்க.