விபத்து நஷ்டஈடு: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

என் தம்பிக்கு நடந்ததை எழுதுகிறேன். இதே நிலையில் இப்போது யாராவது இருந்தால் அவர்களுக்கு உதவட்டும்.

சிக்னலில் நின்றுகொண்டிருந்த அவன் காரைப் பின்னால் வந்த கார் இடித்தது. பம்பர் நசுங்கியது, டிக்கி மூடவில்லை. உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். மறுநாள் காலையில் தலையைத் திருப்ப முடியவில்லை. பின்னாலிருந்து இடி வாங்கினால் கழுத்து சட்டென்று பின்னே போய் முன்னே வரும், அதன் வலி தெரிய சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஆகலாம் என்று டாக்டர் விளக்கினார். விபத்து நடந்த தேதி, வலி தொடங்கிய நேரம், எந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை என்பதையெல்லாம் அன்றே சீட்டில் எழுதியும் கொடுத்தார். பிற்பாடு அந்த ஒரு சீட்டு எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தது.

அந்த வாரமே எதிர்த்தரப்பு இன்சூரன்ஸிலிருந்து போன். ரொம்பத் தன்மையாகப் பேசினார்கள். இதுவரை ஆன மருத்துவச் செலவு, அதற்கு மேல் கொஞ்சம் பணம், ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் உடனே வந்துவிடும் என்றார்கள். தம்பிக்கு லேத் பட்டறையில் வேலை. லீவு போட்டால் சம்பளம் கிடையாது. அதனால் வாங்கிக்கொள்ளலாம் என்றே இருந்தான். படிவத்தை வாங்கி நான் வரி வரியாகப் படித்தேன். ‘இந்த விபத்தால் ஏற்பட்ட, இனிமேல் தெரியவரக்கூடிய எல்லாக் காயங்களுக்கும் இதுவே இறுதித் தீர்வு’ என்று இருந்தது. இனிமேல் என்ன தெரியவரும் என்று டாக்டருக்கே தெரியாதபோது நாம் எப்படி அதற்குக் கையெழுத்துப் போடுவது? வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன்.

சில வாரங்களில் அவன் வலது கை விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தால், கழுத்தில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. லேத்தில் நிற்பவனுக்குக் கைப்பிடிதானே பிழைப்பு. முதலில் பேசிய தொகை பிசியோதெரபிக்கே போதாது.

நஷ்டஈடு என்றால் ஆஸ்பத்திரி பில்லின் கூட்டுத்தொகை என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். வேலைக்குப் போகாமல் இழந்த சம்பளம், இனி ஆகப்போகும் சிகிச்சை, முன்பு போல வேலை செய்ய முடியாததால் வரும் வருமானக் குறைவு, பட்ட வலி எல்லாமே அதில் சேரும். இவற்றில் பாதி, காயம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் கணக்கில் பிடிபடும். அவசரமாகப் பணம் தேவைப்பட்டால், வழக்கு முடியும் முன்பே இடைக்காலத் தொகை கேட்கப் பல நாடுகளில் வழி இருக்கிறது. எங்கள் வக்கீல் அதைத்தான் செய்தார். தம்பிக்கு வீட்டுச் செலவு ஓடியது, கையெழுத்துப் போடும் நெருக்கடியும் போனது.

*

அக்கா, நீங்கள் அந்தப் படிவத்தைப் படித்தது பெரிய விஷயம். நான் பல வருடம் ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் க்ளைம் பிரிவில் இருந்தவன். இப்போது அந்த வேலையில் இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்கிறேன்.

ஃபைலைத் திறந்ததும் தேடுவது, முதலில் டாக்டரைப் பார்த்தது எப்போது, நடுவில் எத்தனை நாள் சிகிச்சை விட்டுப்போயிருக்கிறது என்பதைத்தான். இடைவெளி இருந்தால் ‘குணமாகிவிட்டார்’ என்று எழுதுவார்கள். குழந்தைக்குக் காய்ச்சல், பஸ் கிடைக்கவில்லை என்று நூறு காரணம் இருக்கலாம், அதெல்லாம் ஃபைலில் இருக்காது. ஒருமுறை பிசியோதெரபிக்குப் போக முடியாவிட்டால், போன் செய்து தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த மாற்றமாவது பதிவில் இருக்கும்.

அடுத்தது பேச்சைப் பதிவு செய்வது. “எப்படி இருக்கீங்க சார்?” என்று கேட்பார்கள். “நல்லா இருக்கேன்” என்பது நம் வாயில் பழக்கத்தில் வரும் பதில். அதுவும் பதிவாகிவிடும். உங்கள் சொந்த இன்சூரன்ஸுக்கு விபத்தைத் தெரிவித்தே ஆக வேண்டும், அது பாலிசி நிபந்தனை. எதிர்த்தரப்புக்கு வாக்குமூலம் கொடுப்பதற்கு முன் மட்டும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சமூக ஊடகத்தில் போடும் படங்களையும் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் சிரித்தபடி நிற்கும் ஒரு படம் போதும், ‘வலி இருப்பதாகத் தெரியவில்லை’ என்று எழுத.

ஒன்று மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். பழைய முதுகுவலி, பழைய எலும்பு முறிவு எதையும் மறைக்காதீர்கள். பழைய மருத்துவப் பதிவுகள் எப்படியும் வெளியே வரும், வந்தால் நீங்கள் சொன்ன உண்மைகளையும் சேர்த்து நம்ப மறுப்பார்கள். உண்மையில் பழைய குறை உங்கள் உரிமையைப் பறிப்பதில்லை. இடித்தவர், இடிபட்டவரை அவர் இருந்த நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஆங்கிலேயச் சட்ட மரபில் ஊறிய கொள்கை. மற்றவருக்குச் சுளுக்கோடு போகும் இடி உங்களுக்கு எலும்பை முறித்தால், முறிந்த எலும்புக்குத்தான் கணக்கு.

*

என் அம்மா சாலையோரம் நடந்துபோகும்போது கார் மோதி இறந்துவிட்டார். மனு எழுதும்போது வருமானம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டுக் கொடுத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. படுத்த படுக்கையாக இருந்த பாட்டியைப் புரட்டி விட்டு, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, என் தங்கையின் குழந்தையைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வந்து, ஐந்து பேருக்குச் சமைத்துப் போட்டவர். அவர் போன பிறகு பாட்டிக்கு ஒரு ஆள் வைத்தோம். தங்கை வேலையை விட்டுவிட்டாள்.

அந்த ஆளுக்குக் கொடுத்த சம்பள ரசீதுகளையும் தங்கையின் ராஜினாமா கடிதத்தையும் வக்கீலிடம் கொண்டுபோய் வைத்தேன். அதன் பிறகுதான் மனு மாறியது. இல்லத்தரசியின் உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010இலும் 2021இலும் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. எந்த நாடாக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுத விடாதீர்கள். இறந்தவருக்காகக் குடும்பம் வழக்குப் போடும் உரிமையே இங்கிலாந்தில் 1846ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது என்று படித்தேன். அவ்வளவு காலம் கழித்துக் கிடைத்த உரிமையில் அம்மாக்களை விட்டுவிடக் கூடாது.

*

ஒரு சின்ன தகவல். பக்கத்துக் கடை, வீடுகளில் இருக்கும் சிசிடிவி பதிவுகள் கொஞ்ச நாளில் தானாக அழிந்து, மேலே புதிய பதிவு ஏறிவிடும். முதல் நாளே எழுதிக் கேளுங்கள். அப்புறம், நொறுங்கிய காரை உடனே ஸ்கிராப்புக்குத் தள்ளாதீர்கள். பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியே மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகத்தையும் பிரேக் மிதித்ததையும் பதிந்து வைத்திருக்கும். “அவர்தான் குறுக்கே வந்தார்” என்று எதிராளி சொன்னபோது என் அண்ணனைக் காப்பாற்றியது அந்தப் பதிவுதான்.

*

நான் நண்பனின் காரில் பின் சீட்டில் இருந்தேன். சீட் பெல்ட் போடவில்லை. கார் தடுப்பில் மோதியதில் தோள்பட்டை உடைந்தது. எனக்கு ஏதாவது கிடைக்குமா? அதைவிட, ஓட்டியவன் என் நண்பன். அவன் மேல் எப்படிக் கேஸ் போடுவது?

*

தம்பி, நான் இத்தகைய வழக்குகள் நடத்தும் வக்கீல். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் ஊர்ச் சட்டத்தை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெல்ட் போடாததால் உரிமை போய்விடும் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் தொகைதான் குறையும். இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இதற்கு அளவே வைத்தது. பெல்ட் போட்டிருந்தால் காயமே வந்திருக்காது என்றால் 25 சதவீதம் குறைப்பு, காயத்தின் கடுமை குறைந்திருக்கும் என்றால் 15 சதவீதம், போட்டிருந்தாலும் இதே காயம்தான் என்றால் குறைப்பே இல்லை. ஆகவே உங்கள் தோள்பட்டை பற்றி எலும்பு டாக்டர் எழுதும் கருத்து முக்கியம்.

நண்பர் விஷயம். வழக்கில் அவர் பெயர் இருக்கும், பணம் பொதுவாக அவருடைய இன்சூரன்ஸிலிருந்து வரும். இதற்காகத்தான் அவர் பிரீமியம் கட்டுகிறார். ஆனால் காரில் உடன் வந்தவரைச் சில பாலிசிகள் சேர்ப்பதில்லை, அதனால் முதலில் பாலிசி நகலைப் பாருங்கள். நியூசிலாந்தில் 1974 முதல் யார் தவறு என்று பார்க்காமலே அரசுத் திட்டம் காயத்துக்கு இழப்பீடு தருகிறது. அங்கே இந்தச் சங்கடம் யாருக்கும் இல்லை. மற்ற இடங்களிலும் அப்படி வர வேண்டும் என்பது என் ஆசை.

மனு போடும் காலக்கெடுவை மட்டும் தவறவிடாதீர்கள். பிரிட்டனில் பொதுவாக மூன்று ஆண்டு. இந்தியாவில் 2019 மோட்டார் வாகனச் சட்டத்திருத்தம் கொண்டுவந்த ஆறு மாத வரம்பு 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அக்கா சொன்ன மாதிரி கையெழுத்துக்குப் பொறுக்கலாம். மனு போடுவதற்குப் பொறுக்கக் கூடாது, இரண்டும் வேறு.

*

சார், நண்பனிடம் பேசிவிட்டேன். நான் கேட்பதற்கு முன்பே அவன் பாலிசி நகலை அனுப்பிவிட்டான். உடன் வருபவர்களுக்கும் பொருந்தும் என்று அதில் இருக்கிறது. அடுத்த வாரம் எலும்பு டாக்டரிடம் போகும்போது பெல்ட் பற்றிய கருத்தை எழுத்தில் கேட்டு வாங்கப் போகிறேன்.