இதயத் தசை நோயும் ஸ்கேன் படங்களும்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நாம் கண்டவை

செம்பனைத் தோட்டத்தான்

என் அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர். மேடேறினால் நெஞ்சு அடைக்கிறது என்பார். இசிஜி என்னும் இதய மின்வரைபடத்தில் ‘டி’ எனப்படும் அலைகள் ஆழமாகத் தலைகீழாக இருந்ததால் இரத்தக் குழாய் அடைப்பு என்றே எல்லாரும் நம்பினோம். இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோவில் குழாய்கள் சுத்தம் என்று வந்ததும் அம்மா கோயிலில் வேண்டுதலையே நிறைவேற்றிவிட்டார். ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோவும் இயல்பு என்றார்கள். ஆனால் வலி நிற்கவில்லை.

ஈப்போவில் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு மருத்துவர் எங்களை அழைத்து அசையும் படத்தைக் காட்டினார். இடது கீழறையின் நுனித் தசை மட்டும் தடித்திருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் நுனியில் இரத்தம் நிறையும் உள்ளிடம் முழுவதுமாக மூடிக்கொண்டது. தழும்பைக் காட்டும் கடோலினியம் மருந்து செலுத்தி எடுத்த படத்தில் நல்ல தசை கறுப்பாகவும், அதன் நடுவே தழும்பு வெள்ளைத் திட்டாகவும் தெரிந்தன. இதயத் தசை தடிக்கும் நோயில், 1970களில் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த வகையாம் இது. ஆஞ்சியோவோடு நிறுத்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் இன்னும் விடவில்லை. எக்கோவை இனி எப்படி நம்புவது?

ஓய்வுபெற்ற தாதி

எக்கோவைக் குறை சொல்வது நியாயமன்று. இதய நுனி கருவிமுனைக்கு மிக அருகில் இருப்பதால் சாதாரண எக்கோவில் மங்கிவிடுகிறது. நரம்பு வழியே நுண்குமிழி மருந்து செலுத்தினால் அதே எக்கோவில் பல நேரங்களில் தெளிவாகும். தைப்பூச விரதத்தில் தண்ணீர் குறைத்து மயங்கி விழுந்த ஓர் இளைஞருக்கு எக்கோ எடுத்தபோது நான் அருகில் இருந்தேன். படுத்திருந்தபோது இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் வழியில் அழுத்த வேறுபாடு 20 மி.மீ. பாதரசம்தான்; மூச்சை அடக்கி முக்கச் சொன்னதும் 60ஐத் தாண்டியது. அறிகுறிகளோடு 50ஐத் தொட்டாலே, தடித்த தசையால் அந்த வழியில் ஏற்படும் அடைப்பைக் குறைக்கும் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். ஓய்வில் எடுத்த ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

உங்கள் அண்ணனைவிட உங்களைப் பற்றியே எனக்குக் கவலை. இது பரம்பரையாக வரக்கூடியது. உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் இசிஜியும் எக்கோவும் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தசையின் தடிமன் 15 மில்லிமீட்டரை எட்டினால் நோய் என்பார்கள். நோயாளியின் நெருங்கிய உறவினருக்கு 13 மில்லிமீட்டரே போதும். முதல் படம் நன்றாக இருந்தாலும் அதோடு விடாதீர்கள்: பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையும் பார்க்கச் சொல்வது வழக்கம். அண்ணனுக்குச் சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால், அடுத்த எம்.ஆர்.ஐ.க்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் டிவிசன் மருமகள்

அக்கா, அவர் கேட்டது ஒன்று, நீங்கள் சொன்னது பத்து. ஆனாலும் எக்கோவின் பக்கம்தான் நானும். எனக்கு வந்தது வேறு வகை இதயத் தசை நோய். பிள்ளை பெற்ற பின் கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறியபோது, வீட்டுப் பெரியவர்கள் பத்தியக் குறை என்றார்கள். இதயம் விரிந்து, ஒரு துடிப்புக்கு 25 விழுக்காடு இரத்தத்தையே வெளியேற்றுவது எக்கோவில் தெரிந்தது. மருந்து தொடங்கிச் சில மாதங்களில் அது 45க்கு வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. எனக்குத் தேவைப்படவில்லை. இப்போது அடுத்த பிள்ளை எப்போது என்று மாமியார் கேட்கிறார். 50ஐத் தொடாமல் கர்ப்பமாவது ஆபத்து என்று மருத்துவர் அவர் முன்னிலையிலேயே திரையைக் காட்டிச் சொன்ன பிறகும் கேட்கிறார்.